தொடர்ச்சிக் குறிப்பேடு

என் வேலை சின்னது.
போன ஷாட்டில் கோப்பையில் பால் எவ்வளவு,
கதவைத் திறந்தது எந்தக் கை,
மூன்றாவது பொத்தான் போட்டிருந்ததா, இல்லையா.
முப்பத்தோரு வருடமாக இதையே எழுதுகிறேன்
குத்தாயிஸியில், ரியோனி ஆற்றங்கரையில்.
மழை விட்டால் படப்பிடிப்பு,
பெய்தால் சீட்டாட்டம்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு பையன், பச்சானா.
ஏழு வயது. அழ வேண்டிய காட்சி.
முன்பல் விழுந்த வாயால் சிரித்துக்கொண்டே இருந்தான்.
இயக்குநர் மல்ஹாஸ் குந்தி உட்கார்ந்து
அவன் காதோடு சொன்னார்:
இப்போதுதான் போன் வந்தது,
உன் முர்யாவை லாரி அடித்துவிட்டது.

கேமரா ஓடியது.
நான் எழுதினேன்:
நான்காம் டேக். கண்ணீர், முதலில் இடது கன்னம். நன்று.

அரங்குகளில் ஜனங்கள் விம்மினார்கள்.
ஏதோ ஓர் ஊரிலிருந்து விருதுகூட வந்தது.
நாய் உயிரோடுதான் இருந்தது.
ஓடிவந்து நக்கியபோது தள்ளிவிட்டானாம்,
ஒரு மாதம் கிட்டவே சேர்க்கவில்லையாம்.
அவன் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்.
நாங்களும் சிரித்தோம்.

மல்ஹாஸ் இப்போது இல்லை.
இந்தப் படம் தமூனாவுடையது:
அப்பன் அடிக்கிற வீடு, அதில் ஒரு சிறுமி.
நீளக் கம்பில் மைக் பிடிப்பவன்
தாடி வைத்த பச்சானா.

மதிய இடைவேளையில் பீன்ஸ் ரொட்டியோடு வந்து
பக்கத்தில் உட்கார்ந்தான்.
ஸ்டுடியோ கிடங்கைக் காலிசெய்தபோது
உங்கள் பழைய நோட்டைப் பார்த்தேன், என்றான்.
எந்தக் கன்னம் என்று இருக்கிறது.
ஏன் என்று இல்லை.
கோபமே இல்லாமல் சொன்னான்,
மடியிலிருந்த துணுக்குகளைத் தட்டிவிட்டபடி.
எனக்குத் தொண்டையில் ரொட்டி இறங்கவில்லை.

தெக்லேவுக்கு எட்டு வயது.
பெல்ட்டும் அவளும் ஒரே அறையில் இருந்ததே இல்லை.
அப்பனாக நடிக்கும் ஒத்தாரை
முதல் நாளே அவளோடு டாமினோ ஆட விட்டார்கள்.
பாவி மனுஷன், ஏழு ஆட்டமும் தோற்றான்.
அடி விழும் சத்தத்தைப் பிற்பாடு
மக்காச்சோள மாவு மூட்டையில் அடித்துப் பதிந்துகொள்வார்கள்.
அறைக்குள் கேமரா பார்ப்பது
சுவரில் கோட்டு மாட்டும் கொக்கியை மட்டும்.
அது ஆடும். அவ்வளவுதான்.

தலைநகரிலிருந்து வந்த தயாரிப்பாளர் கேட்டார்:
கொக்கியைப் பார்க்கவா டிக்கெட் வாங்குவான்?
தமூனா சொன்னாள்: அடியைக் காட்டினால்
அடியைத்தான் பார்ப்பான், பிள்ளையைப் பார்க்க மாட்டான்.

அவள் சொன்னது சரிதானா, எனக்குத் தெரியவில்லை.
கொக்கி மட்டும் ஆடினால்
அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்பவர்களும் உண்டு.
அப்படியொரு வீட்டுக்கு எதிர்வீட்டில்
பதினான்கு வருடம் குடியிருந்தவள் நான்.
திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

கதையைத் தெக்லேவிடம் மறைக்கவில்லை.
அவள் உயரத்துக்கு ஏற்ற சொற்களில் சொன்னார்கள்:
இந்த வீட்டில் ஒருவர் அடிக்கிறார்.
பிள்ளைகள் மேல் தப்பில்லை.
நீ கதவுக்கு வெளியே இருந்து கேட்கிறாய்.
வேண்டாம் என்று தோன்றினால் கையைத் தூக்கு.
யோசித்துவிட்டுக் கேட்டாள்:
அப்போது அவளுக்குப் பசிக்குமா?

தமூனா வெகுநேரம் பேசவில்லை.
பிறகு காட்சியில் ஒரு ரொட்டியைச் சேர்த்தாள்.

மூன்றாம் டேக்.
படியில் உட்கார்ந்து தெக்லே மெல்லுகிறாள்.
உள்ளே கொக்கி ஆடுவதாகக் கணக்கு.
மெல்வது நின்றது.
கீழுதடு துடித்தது.
அப்படியொரு முகத்தை நான் பார்த்ததில்லை,
இல்லை, ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
கேமராக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மைக் இறங்கியது.
மெதுவாக, சட்டத்தின் நடுவில்,
அவள் முகத்துக்கும் கேமராவுக்கும் குறுக்கே.

கட், என்றாள் தமூனா.
பச்சானாவை யாரும் திட்டவில்லை.
என்னம்மா ஆச்சு என்று கேட்டதற்கு
உப்பு ஜாஸ்தி, என்றாள் தெக்லே.
நிஜமாகவே உப்புத்தானோ என்னவோ.
வேறு ரொட்டி வாங்க ஆள் ஓடியது.

நோட்டை எடுத்தேன்.
மூன்றாம் டேக். மைக் உள்ளே வந்தது. பயன்படாது.
ஏன் என்பதற்கு என் தாளில் கட்டம் கிடையாது.
ஓரத்தில், சிவப்புக் கோட்டைத் தாண்டி,
இடம் இருந்த மட்டும் எழுதினேன்.
பிறகு வழக்கம்போல்:
ரொட்டி, பாதி. கடித்த பக்கம், வலது.